ஒரு பக்கம் ஏறி நிற்கிறதா? மார்பக இம்ப்ளான்ட் வைத்த பிறகு முதல் ஆறு மாதம்

இதைத் தேடிப் படிக்கிறீர்கள் என்றால் அனேகமாக இப்போதுதான் கண்ணாடி முன்னாலிருந்து வந்திருப்பீர்கள். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. அல்லது இரண்டுமே மேலே ஏறி, கல் மாதிரி நிற்கிறது. ஆபரேஷன் முடிந்த பத்தொன்பதாம் நாள், பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட் வாடகை வீட்டுக் குளியலறையில் நானும் அப்படித்தான் நின்றேன். அந்தப் பதற்றத்தில் தேவையில்லாமல் ஒரு ஸ்கேன், தேவையில்லாமல் இரண்டு கன்சல்டேஷன், கடைசியில் இன்னொரு ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டக் கார்டை நீட்டும் வரை போய்விட்டுத் திரும்பினேன். நீங்கள் அந்தச் சுற்று சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, ஐடி வேலை. எனக்கு வைத்தது 275 சிசி, வட்ட வடிவம், வழவழப்பான மேற்பரப்பு, சிலிக்கான் ஜெல், நெஞ்சுத் தசைக்கு அடியில். உங்களுடையது வேறு மாதிரி என்றால் சில விஷயங்கள் மாறும், அங்கங்கே சொல்கிறேன். வைக்கலாமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் இங்கே கிடையாது. வைத்தாகிவிட்டது.

1. முதலில்: இது இன்றே ஓட வேண்டியதா?

இந்தப் பத்தியில் சொல்வதில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்காதீர்கள், சர்ஜனுக்குப் போன் போடுங்கள், எடுக்கவில்லை என்றால் நேராக எமர்ஜென்சி. ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் பெரிதாகி, இறுகி, வலி கூடிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். பெரும்பாலும் முதல் சில நாட்களில் வரும், பின்னாலும் வரலாம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிவந்து சூடாகிப் பரவும் தோல், தையலில் சீழ், தையல் பிரிவது, இவையும் காத்திருக்கக் கூடாதவை. மூச்சுத் திணறல், நெஞ்சு குத்தல், ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலிப்பது என்றால் யோசிக்காமல் 108. அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

என் டிஸ்சார்ஜ் தாளில் இருந்த ஒரே எண் ரிசப்ஷன் எண், காலை 9 முதல் மாலை 6 வரை. வீட்டுக்குக் கிளம்பும் முன்பே இரவு எண் எது, யார் எடுப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

மேலே சொன்னது எதுவும் இல்லை, ஏற்றத் தாழ்வு மட்டும்தான் என்றால் சரி, உட்காருங்கள். அது நடு ராத்திரியில் ஆட்டோ பிடிக்க வேண்டிய விஷயம் இல்லை.

2. கண்ணாடிக்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள்

தசைக்கு அடியில் வைத்தால் அந்தத் தசை இறுகிப் பிடித்து இம்ப்ளான்ட்டை மேலே நிறுத்தி வைக்கும். வீக்கமும் சேர்ந்துகொள்ளும். முதல் வாரம் மேல் பாதி பலகை மாதிரி இருப்பது அதனால்தான். தசை தளரத் தளர, கீழே தோல் நெகிழ நெகிழ, அது தானாக இறங்கும். "பொங்கின மாவு அமுங்குற மாதிரிடி" என்றாள் என் அக்கா, அதைவிட நன்றாக எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

தோராயமான கணக்கு இது. முதல் இரண்டு வாரம் வீக்கம், இறுக்கம், நடுநடுவே மின்சாரம் தட்டின மாதிரி சுரீர் வலி, சிலருக்குக் குனிந்தால் உள்ளே களக் களக் என்று சத்தம்கூட வரும் (பயந்துவிட்டேன், உள்ளே இருக்கும் காற்றும் நீரும்தான், போய்விட்டது). மூன்றிலிருந்து ஆறாவது வாரத்துக்குள் இறங்க ஆரம்பிக்கும், ஆனால் இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்காது. மூன்று மாதத்தில் பெரும்பாலும் ஒரு நிலைக்கு வரும். முழுதாக அடங்க ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தசைக்கு மேலே வைத்தவர்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் நடக்கும்.

அதிகம் வேலை செய்யும் கைப்பக்கத்துத் தசை வலுவாக இருப்பதால் அந்தப் பக்கம் தாமதமாகலாம். எனக்கு இடது கைப் பழக்கம். மேலே நின்றதும் இடதுதான். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

ஆறாவது வாரத்துக்கு முன்னால் "இது சரியில்லை, மாற்ற வேண்டும்" என்று யார் சொன்னாலும், நீங்களே சொன்னாலும், நம்பாதீர்கள். அவசர அறிகுறிகள் மட்டும்தான் விதிவிலக்கு.

3. வாரம் ஒரு போட்டோ, ஒரு இன்ச் டேப்

தினமும் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது, பயம்தான் வளரும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தடவை போதும். குளியலறைச் சுவரில் டைல்ஸ் சேரும் கோடு இருக்கிறதே, அதற்கு முன்னால் நில்லுங்கள், அந்தக் கோடுதான் உங்கள் மட்டப்பலகை. போனை மார்பு உயரத்தில் ஒரே இடத்தில் வைத்து டைமர் போட்டு, கைகளைத் தொங்கவிட்டு, நேராக ஒன்று, அரைத் திருப்பத்தில் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு. கையைத் தூக்கிக்கொண்டு செல்ஃபி எடுத்தால் அந்தப் பக்கம் ஏறித்தான் தெரியும். என் முதல் மூன்று வாரத்துப் படங்கள் அப்படியே வீண்.

தையல் டப்பாவில் இருக்கும் இன்ச் டேப் போதும். இரண்டு அளவு: கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை, காம்பிலிருந்து மார்பின் அடி மடிப்பு வரை. இரு பக்கமும் அளந்து தேதி போட்டு எழுதுங்கள். தையலை இழுத்து அளக்க வேண்டாம், ஈரம் காயாத முதல் இரண்டு வாரம் டேப் பக்கமே போக வேண்டாம். இரண்டாவது அளவு வாரா வாரம் கூடிக்கொண்டே போனால் அதைக் கவனியுங்கள், ஏன் என்று ஆறாவது பகுதியில் வருகிறது.

போட்டோ எடுக்கும் முன் போனில் கிளவுட் பேக்கப்பை நிறுத்துங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. என் போன் அக்கா வீட்டு ஆல்பத்தோடு இணைந்திருந்தது, சேலத்தில் அவள் வீட்டு டிவி ஸ்க்ரீன்சேவர் அந்த ஆல்பத்திலிருந்துதான் ஓடும். மாமா ஆபீஸில் இருந்த நேரம், பிழைத்தேன்.

கிளினிக்குக்குப் படம் அனுப்புவதென்றால் ரிசப்ஷன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பாதீர்கள். அந்த போன் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள், சர்ஜனின் எண் கிடைத்தால் அதற்கு, முகம் தெரியாமல்.

4. காகிதங்களை இப்போதே வாங்குங்கள், பிரச்சினை வந்த பிறகு அல்ல

நான்கு சமாச்சாரம் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி. ஆபரேஷன் நோட்ஸ், இது வேறு, இதைக் கேட்டால்தான் தருவார்கள். எந்த வழியாகத் திறந்தார்கள், தசைக்கு மேலா கீழா, எந்தப் பக்கத்துக்கு எத்தனை சிசி என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இம்ப்ளான்ட் கார்டு, அதாவது பெட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், கம்பெனி, மாடல், லாட் எண், இரண்டுக்கும் தனித்தனி சீரியல் எண்ணோடு. நான்காவது, ஆபரேஷனுக்கு முன் அவர்கள் எடுத்த போட்டோ.

எனக்குக் கார்டு தரவே இல்லை. "ஃபைல்ல இருக்கு மேடம்" என்று மூன்று முறை அனுப்பிவிட்டார்கள். நான்காம் முறை இமெயிலில், இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் மத்தியானம் கூரியரில் வந்தது. சண்டை வேண்டாம், எழுத்தில் கேளுங்கள், தேதியோடு கேளுங்கள், அவ்வளவுதான். அதே விதிகளில் ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய காலம் மூன்று வருடம்தான், அதனால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

முந்தைய போட்டோ ஏன் என்றால், எனக்கு வந்த படத்தைத் திறந்து பார்த்தபோது இடது காம்பு வலதைவிட அரை விரல் உயரத்தில் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால்! முப்பத்தொரு வருடம் அந்த உடம்போடு இருந்திருக்கிறேன், கவனித்ததே இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பவர்கள் அரிது, விலா எலும்பின் வளைவுகூட வேறுபடும், இம்ப்ளான்ட் அதைப் பெரிதாக்கிக் காட்டும், மறைக்காது. இந்தப் படத்தைப் பார்த்த அன்றே என் பிரச்சினையில் பாதி தீர்ந்தது.

5. வீட்டில்: எது நகர்த்தும், எது நகர்த்தாது

மல்லாந்து, தலைப்பக்கம் முப்பது நாற்பது டிகிரி உயர்த்தி, நாலிலிருந்து ஆறு வாரம் தூங்க வேண்டும். மூன்று தலையணை சரிந்துவிடும், ஒரு பெரிய ஆப்புத் தலையணை வாங்கினேன், 1,600 ரூபாய், இந்த மொத்தக் கதையில் நான் வருத்தப்படாத ஒரே செலவு. குப்புறப் படுக்கவே கூடாது.

தண்ணீர் கேன். பெங்களூரில் நம்மில் பாதிப் பேர் வீட்டில் 20 லிட்டர் கேன்தான், அதைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பது நெஞ்சுத் தசைக்கு நேரடி வேலை. ஆறு வாரம் தொடாதீர்கள், பையனிடம் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்துக் கவிழ்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். குக்கர், நிறைந்த பக்கெட், பரண் மேல் இருக்கும் பெட்டி, அடித்து மூட வேண்டிய பழைய ஜன்னல் எல்லாம் அதே கணக்கு. குழந்தை இருந்தால் உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்ளலாம், தூக்கக் கூடாது. நடப்பது நல்லது, முதல் நாளிலிருந்தே.

ஸ்கூட்டர் எனக்கு ஆறாவது வாரத்தில்தான் அனுமதித்தார்கள். இந்த ஊர் ஹம்ப்புகளில் பிரேக் பிடித்தால் தெரியும் ஏன் என்று. ஆட்டோவில் போனாலும் பள்ளத்தில் இரண்டு கையையும் குறுக்கே கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டுவது, வலி மாத்திரை நிறுத்தி, ஸ்டியரிங்கை வலி இல்லாமல் திருப்ப முடிந்த பிறகு.

பிராவும் மசாஜும்தான் பெரிய பொறி. இம்ப்ளான்ட் மேலே நிற்கிறது என்றால் மேல்பக்கம் கட்டும் ஒரு பட்டி உண்டு, கீழே தள்ளுவதற்கு. யாரோ சொன்னார்கள் என்று நானே ஆன்லைனில் வாங்கி நான்கு நாள் கட்டினேன். சர்ஜன் திட்டினார். சில பேருக்கு அந்தப் பட்டி தேவை, ஆனால் கீழே இறங்க ஆரம்பித்துவிட்ட பக்கத்தை அது இன்னும் கீழே தள்ளிவிடும், பிறகு ஏற்ற முடியாது. மசாஜும் அப்படியே: வழவழப்பான வகைக்குச் சில சர்ஜன்கள் செய்யச் சொல்வார்கள், சொரசொரப்பான வகைக்கும் துளி வடிவ வகைக்கும் பொதுவாகக் கூடாது என்பார்கள். உங்கள் ஸ்டிக்கரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் யூடியூப் பார்த்து அழுத்தாதீர்கள். கம்பி வைத்த பிரா, சர்ஜன் சரி சொல்லும் வரை வேண்டாம்.

6. எது உண்மையான இடமாற்றம்?

மூன்று மாதம் தாண்டிய பிறகு இதைப் படித்துப் பாருங்கள். அதற்கு முன் படித்தால் எல்லாமே உங்களுக்கு இருக்கிற மாதிரிதான் தோன்றும்.

ரொம்பக் கீழே போவது: காம்பு மேல் நோக்கித் திரும்பும், அடி மடிப்பில் இருந்த தழும்பு மார்பின் மேலேறி வந்த மாதிரி தெரியும், காம்பிலிருந்து மடிப்பு வரை அளவு கூடிக்கொண்டே போகும். டேப் எதற்கு என்றேனே, இதற்குத்தான். இது தானாகச் சரியாகாது.

பக்கவாட்டில் போவது: மல்லாந்து படுத்தால் அக்குள் பக்கம் வழிந்து போகும். கொஞ்சம் போவது இயல்பு. கை இடிக்கும் அளவுக்கு என்றால் காட்டுங்கள். இதற்கு நேர் எதிர், இரண்டும் நடுவில் வந்து சேர்ந்துவிடுவது, நடுவில் பள்ளமே இல்லாமல் தோல் கூடாரம் மாதிரி எழும்பும்.

மேலேயே நிற்பது: மூன்று மாதத்துக்குப் பிறகும் இறங்காமல், கூடவே நாளுக்கு நாள் கெட்டியாகி, உருண்டையாகி, வலித்தால், இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடம்பு கட்டும் உறை இறுகுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இதை பேக்கர் என்ற அளவில் 1 முதல் 4 வரை சொல்வார்கள். 3 என்றால் கண்ணுக்கே தெரியும், 4 என்றால் வலியும் சேரும். மிருதுவாக இருந்து கொஞ்சம் மேலே இருப்பதற்கும் கெட்டியாக மேலே இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

திரும்பிக்கொள்வது துளி வடிவத்துக்கு மட்டும்தான் கவலை, வட்டம் திரும்பினால் யாருக்கும் தெரியாது. அப்புறம், கை இறுக்கினால் மார்பு துள்ளி மேலே போகிறது என்றால் அது நகர்வு இல்லை, தசைக்கு அடியில் வைத்ததன் விளைவு.

7. ஸ்கேன் எடுக்கும் முன்

இம்ப்ளான்ட் எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் கண்ணும் கையும்தான் சொல்லும். ஸ்கேன் சொல்வது உள்ளே நீர் கட்டியிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்பதை. இது தெரியாமல் நான்காவது வாரத்தில் அல்ட்ராசவுண்டுக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் "இரு பக்கமும் இம்ப்ளான்ட் உள்ளது" என்று எழுதியிருந்தார்கள். எனக்கே தெரியுமே.

எம்ஆர்ஐ என்றால் குப்புறப் படுக்க வேண்டும், ஆரம்ப வாரங்களில் அது சித்திரவதை. கிழிசல் பார்க்க மட்டும் என்றால் பொதுவாக கான்ட்ராஸ்ட் ஊசி தேவைப்படாது, அதைச் சேர்த்து பில் போடுகிறார்களா என்று சீட்டைப் பாருங்கள்.

8. இரண்டாவது டாக்டர்

போகலாம், தப்பே இல்லை, ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். நான்காவதில் சொன்ன காகிதங்கள், வாரப் படங்கள், டேப் அளவுகள். நான் முதலில் போன இடத்தில் எதுவும் இல்லாமல் போனேன். டாக்டர் பார்த்தது நான்கு நிமிடம், அதன் பிறகு கோஆர்டினேட்டர் என்று ஒரு பெண் டேப்லெட்டில் 1,40,000 என்று ரிவிஷன், அதாவது திருத்த ஆபரேஷன், கணக்கு காட்டினார், "இந்த மாசம் கட்டினா பத்து பர்சென்ட் குறைச்சல்." சேலைக் கடை ஆடித் தள்ளுபடி மாதிரி. ஐந்தாவது வாரத்தில் ரிவிஷன் தேதி தருகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சாதாரண ஏற்றத் தாழ்வுக்கு ஆறு மாதமாவது பார்ப்பதுதான் வழக்கம்.

எம்சிஎச் அல்லது டிஎன்பி பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள், "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்பது வேறு. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடலாம். தனியார் கிளினிக் வேண்டாம் என்றால் செயின்ட் ஜான்ஸ், விக்டோரியா போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு, காத்திருக்க வேண்டும், ஆனால் அங்கே யாரும் டேப்லெட் நீட்ட மாட்டார்கள். தமிழில் பேசத் தயங்க வேண்டாம், இந்த ஊரில் புரியாதவர்கள் குறைவு. எனக்குத் தைரியம் சொன்ன நர்ஸ் கன்னடத்தில்தான் சொன்னார்: "ஸ்வல்ப டைம் கொடி மேடம்." கொஞ்சம் டைம் கொடுங்கள். சரியாகத்தான் சொன்னார்.

9. பணம்

எனக்குச் சொன்ன தொகை 2,20,000. பில் வந்தது 2,59,600. அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, சொன்ன தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. சர்ஜிக்கல் பிரா இரண்டு, மருந்து, ரத்தப் பரிசோதனை தனி, எனக்கு அதில் 11,000 போனது. ஹெல்த் இன்ஷூரன்ஸ் காஸ்மெட்டிக் அறுவைக்குக் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு மீட்டமைப்பது போன்றவைதான் விதிவிலக்கு. சிக்கல் வந்தாலும் அதே காரணத்தைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள், நம்பி இருக்காதீர்கள்.

ரிவிஷன் இலவசம் என்று வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். இலவசம் என்றால் பெரும்பாலும் சர்ஜன் கட்டணம் மட்டும்தான். ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து, புது இம்ப்ளான்ட் என்றால் அதன் விலை, எல்லாம் உங்கள் தலையில். எத்தனை மாதம் வரை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கம்பெனி வாரண்டி பொதுவாகக் கிழிசலுக்கு, சிலதில் உறை இறுகுவதற்கும் உண்டு. இடம் மாறியதற்குப் பெரும்பாலும் கிடையாது.

ஆபீசுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்கும்போது "அறுவை சிகிச்சை, பத்து நாள் ஓய்வு" என்று மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தருவார்கள். என்ன அறுவை என்பது எச்ஆருக்குத் தேவையில்லை.

உண்மையிலேயே தவறு நடந்திருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 1915 என்ற எண்ணில் முதலில் விசாரிக்கலாம். இம்ப்ளான்ட்டிலேயே கோளாறு என்றால் மருத்துவக் கருவிகளுக்கான அரசின் கண்காணிப்புத் திட்டத்தில் நோயாளியே புகார் கொடுக்கலாம், அங்கேயும் அந்த லாட் எண்தான் முதல் கேள்வி.

கடைசியாக ஒரு தேதி. சிலிக்கான் என்றால் சத்தமில்லாமல் கிழிந்தாலும் தெரியாது, அதனால் அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் ஐந்து ஆறு வருடத்தில் ஒரு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று அமெரிக்காவின் எஃப்டிஏ சொல்கிறது. வருடங்கள் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்கினாலும் உடனே காட்ட வேண்டும், முக்கியமாகச் சொரசொரப்பான வகை வைத்தவர்கள். ஒரு கம்பெனியின் அந்த வகையை அரிய வகைப் புற்றுநோய் காரணமாக 2019இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். நான் 2030 பிப்ரவரிக்கு போனில் ரிமைண்டர் போட்டு, கார்டின் போட்டோவை அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பேக்கப்பை நிறுத்திவிட்டுத்தான்.